வான் கூரையில் ஏறிய குணலட்சுமி

மூன்று வயதில் வந்த காய்ச்சலிடமிருந்து உயிரை வென்றாள்; அதற்கு இரண்டு காதையும் கொடுத்தாள். காது கேளாத பிள்ளையைச் சேர்க்க முடியாது என்று பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பியபோது, தகப்பனின் பற்றரிக் கடையில் ஒரு முக்காலியை வென்றாள். எண்பத்தேழு ஐப்பசியில் பீரங்கிச் செல் விழுந்து தகப்பன் போனபின், கடையை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறேன் என்று வந்த, தகப்பனின் தம்பியான சின்னையாவிடமிருந்து கடையை வென்றாள். இரும்பு அறுக்கும் வாளை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வாசற்படியில் குந்தியிருந்தே வென்றாள். தொண்ணூறில் மின்சாரம் நின்று குடாநாட்டுப் பற்றரிக் கடைகள் எல்லாம் பலகை போட்டுச் சாத்தியபோது, ஊரில் மிஞ்சிய சைக்கிள் டைனமோக்களைப் பழுதுபார்த்து அடுப்பெரிய வழி வென்றாள். தொண்ணூற்றிரண்டில் ஒரு வான் வண்டியின் கூரையை வென்றாள். அந்தக் கூரையால் வந்த பழியையும் வென்றாள். எல்லாவற்றிலும் அதுதான் கடினமாக இருந்தது.

முருகேசுவின் இளைய மகள் குணலட்சுமி. வீட்டில் குணம். கொக்குவிலில், புகையிரதப் பாதைக்குக் கிழக்கே, மதில் சூழ்ந்த வளவுக்குள் அவர்கள் வீடு. வளவின் முன்மூலையில் ரோட்டைப் பார்த்தபடி கடை. தமக்கை சிவக்கொழுந்து எட்டு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு நின்றாலும் எதையும் திகதி போட்டு, அளந்து, கலண்டரில் குறித்து வைக்கிறவள். தாய் முன்பே இறந்துவிட்டாள். ஆட்கள் வந்து சொல்வதைச் சிவக்கொழுந்து கேட்டுக் கையால் தங்கைக்குச் சொல்லுவாள், தங்கை செய்வாள். பங்கீட்டுக் கூப்பன் கடையிலும் கிராம அலுவலரான விதானையாரிடத்திலும் குணம் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பாள். பக்கத்தில் அவள் பெயரைச் சிவக்கொழுந்து எழுதுவாள். இப்படியே குணத்துக்கு முப்பத்தொரு வயதாகியிருந்தது.

தொண்ணூற்றிரண்டு மே மாதக் கடைசியில், கறுப்புப் புகை கக்கிக்கொண்டு ஒரு பழைய ஜெர்மன் வான் கடைவாசலில் வந்து நின்றது. எழுபதுகளில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே படுத்து ஊர் சுற்றிய வான். உள்ளே மடக்குக் கட்டில், ஒரு குட்டி மேசை, பற்றரியில் ஓடும் சின்னக் குளிர்ப்பெட்டி எல்லாம் இருந்தன. அவர்கள் திரும்பிப் போகும்போது விட்டுவிட்டுப் போனது, கைமாறிக் கைமாறி உரும்பிராயில் இருந்த இளைப்பாறிய அப்போதிக்கரி வில்லியத்திடம் வந்திருந்தது. அவரும் மருத்துவமாதுவான மனைவி பியாட்றிசும் அதை நடமாடும் மருந்துச்சாலையாக்கி, இடம்பெயர்ந்த சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடங்களுக்குப் போய் வந்தார்கள்.

வில்லியம் கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, கடையிலை வேலை செய்யிற ஆள் ஆர்?"

"தங்கச்சி," என்றாள் சிவக்கொழுந்து.

"ஆம்பிளையள் ஒருத்தரும் இல்லையோ?"

"ஒருத்தர் இருந்தவர். செத்துப்போனார். சொல்லுங்கோ ஐயா, என்ன வேலை?"

வில்லியம் தொப்பியைக் கழற்றினார். வானின் பின்கதவைத் திறந்து உள்ளே கிடந்த இரண்டு சோலார் தகடுகளைக் காட்டினார். நீண்டகாலம் மூடிக்கிடந்த ஒரு விதைப் பண்ணையில் தண்ணீர் இறைக்க வைத்தவை. கேட்டு வாங்கி வந்திருந்தார். அவற்றை வான் கூரையில் பூட்டிப் பற்றரியை ஏற்றினால் குளிர்ப்பெட்டி ஓடும். குளிர்ப்பெட்டி ஓடினால் வெறிபிடித்த விசர்நாய் கடித்தால் போடும் ஊசிமருந்தை உள்ளே வைக்கலாம்.

"சனம் ஊரை விட்டு ஓடேக்கை நாயளைக் கொண்டு வரேல்லைத்தானே," என்றார் அவர். "அதுகள் பிணமும் திண்டு, விசரும் பிடிச்சு இப்ப சனத்துக்குப் பின்னாலை வருதுகள். கடிச்சால் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி, நாளுக்கு ஒண்டாய். அகதிக் காம்பிலை இருக்கிற சனம் பதினாலு நாள் ஆசுபத்திரிக்கு நடக்குமே? நாலு ஊசியோடை நிண்டிடுங்கள். மருந்து சனத்திட்டைப் போக வேணும். ஆனால் மருந்து சூடு கண்டால் தண்ணிக்குச் சமம்."

சிவக்கொழுந்து இதையெல்லாம் கையால் சொன்னாள். நாய் என்பதற்கு வாயைப் பிடித்தும், ஊசி என்பதற்கு வயிற்றைக் குத்தியும் காட்டினாள். பியாட்றிஸ் சிரித்துவிட்டு, "உவ கதைக்கவே மாட்டாவோ?" என்று கேட்டாள்.

"கதைக்க மாட்டாள். வேலை சரியாய் இருக்கும்."

குணம் அதற்குள் குளிர்ப்பெட்டியின் விலாவில் உள்ளங்கையை வைத்து மோட்டரின் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கூரையை விரல்முட்டியால் தட்டினாள். தகரம் அல்ல, மெல்லிய பைபர். முகத்தைச் சுளித்தாள்.

"நாலு மூலையிலும் துளைச்சு ஆணியை இறுக்கினால் போச்சு," என்றார் வில்லியம்.

குணம் உள்ளே போய் ஒரு பால்மா டின்னை எடுத்து, அடியில் நான்கு துளை போட்டு, தண்ணீரை ஊற்றி அவர் சப்பாத்துக்கு மேலே பிடித்தாள். சப்பாத்து நனைந்தது.

"விளங்குது, விளங்குது!" என்று அவர் காலை இழுத்தார். "காதுதான் கேக்காது, வாய் இருக்கு!"

வேலை இருபத்திரண்டு நாள் எடுத்தது. போல்ட், நட்டு, அலுமினியம், றப்பர், ஒட்டுப்பசை எதுவும் குடாநாட்டுக்குள் வராத காலம். தகப்பன் படுத்த இரும்புக் கட்டிலைக் குணம் வெட்டினாள். அதன் ஓரச் சட்டங்கள் நான்கும் தகடுகளுக்குச் சட்டமாயின. கூரையைத் துளைக்காமல், ஓரத்தில் மழைத்தண்ணீர் வழிந்தோடும் பீலியில் கௌவிப் பிடிக்கும்படி எட்டுக் கவ்வி செய்தாள். கவ்விக்கும் பீலிக்கும் இடையே தேய்ந்த செருப்பை வெட்டி வைத்தாள். கம்பி உள்ளே போக, சுண்டுவிரல் நுழையும் ஒரே ஒரு துளை. அதை அடைக்கக் கடற்கரைப் பக்கத்தில் வள்ளத்துக்குப் பூசும் குங்கிலியத்தைச் சிவக்கொழுந்து சைக்கிளில் போய் வாங்கி வந்தாள். தேங்காயெண்ணெயில் உருக்கி வார்த்தார்கள். அந்த வருடம் மாரி முழுக்க ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை.

பெரிய தொல்லை வேறு. வெளியில் உள்ளதெல்லாம் மேலிருந்து பார்க்கப்படும் நாட்கள் அவை. வாகனம் வைத்திருந்தவர்கள் கூரையில் சேற்றைப் பூசி, மேலே தென்னோலை போட்டு மறைத்தார்கள். கூரையில் நிற்கும் குணத்துக்கோ இராணுவத்தின் ஹெலி வந்தாலும் கேட்காது, குண்டு போடும் பொம்பர் வந்தாலும் கேட்காது. ஆகையால் சிவக்கொழுந்து தங்கையின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு கீழே மணையில் இருந்தாள். ஒரு இழுவை என்றால் ஹெலி, இறங்கு. இரண்டு என்றால் பொம்பர், குதி. மூன்று என்றால் தேத்தண்ணி.

பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த கந்தப்பு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"கொழுந்தக்கா, உதென்ன, தங்கச்சியை ஆடு மாதிரிக் கட்டி மேய்க்கிறியள்?"

"ஓம். நீயும் வாவன், பக்கத்திலை கட்டி விடுறன். குழை கிடக்கு."

"பொம்பிளைப் பிள்ளை வான் கூரையிலை ஏறி நிண்டால் சனம் என்ன கதைக்கும்?"

"கதைக்கட்டும். அவளுக்குக் கேக்காது."

வேலையின் பதினாறாம் நாள் ஹெலி வந்தது. தெற்கே சத்தம் கேட்ட கையோடு சிவக்கொழுந்து கயிற்றை இழுத்தாள். குணம் இறங்கவில்லை. மறுபடி இழுத்தாள். குணம் மேலே கிடந்த சாக்கை இழுத்து, வெயிலில் கண்ணாடிபோல் மின்னிய தகடுகளின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் தானே குப்புறப் படுத்துக்கொண்டாள். ஹெலி தாழ வந்து இரண்டு வளையம் சுற்றி, புகையிரதப் பாதைப் பக்கமாக ஒரு வரிசை சுட்டுவிட்டுப் போனது. அங்கே தண்டவாளம் கிளப்பப்பட்டு, சனம் பதுங்கும் பங்கர்களுக்குக் கூரையாகிப் போய் வெகு நாளாகிவிட்டது. மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மாடுகள்தான் விழுந்தன. குணம் இறங்கி வந்ததும் சிவக்கொழுந்து அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அறைந்த கையாலேயே அவள் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள்.

அடுத்த நாளே குணம் அதற்கும் வழி கண்டாள். கட்டிலின் மிச்சக் கம்பியில் ஒரு மூடி செய்து, தென்னோலைக் கிடுகு வைத்துத் தைத்து, கூரையின் ஒரு பக்கத்தில் பிணைச்சல் போட்டாள். மூடி திறந்து பக்கத்தில் தொங்கும். சாரதி இருக்கையிலிருந்து ஒரு கயிற்றை இழுத்தால் புரண்டு தகடுகளை மூடும், மற்றதை இழுத்தால் திறக்கும். யாரும் கூரைக்கு ஏறத் தேவையில்லை. வில்லியம் அதைப் பத்துத் தடவை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

தகப்பன் காலத்துப் பற்றரிகள் இரண்டைப் பிரித்துக் கழுவி, மழைத்தண்ணீரை வெள்ளைத்துணியில் வடித்து ஊற்றி உயிர்ப்பித்தாள். ஜூன் 22 ஆம் திகதி குளிர்ப்பெட்டி மருந்தோடு புறப்பட்டது. குணமும் வானின் பின்னால் ஏறிப் போனாள். மின்னோட்டம் காட்டும் முள்ளையும் குளிர்ப்பெட்டிக்குள் இருந்த வெப்பமானியையும் அவள்தான் பார்ப்பாள். இலக்கம் அவளுக்குத் தெரியும். மாலையில் வான் கொக்குவில் வளவுக்குத் திரும்பியதும் விரலால் காட்டுவாள், சிவக்கொழுந்து கலண்டரில் எழுதுவாள். ஐந்து, ஆறு, ஆறு, ஏழு. மருந்து கெடத் தொடங்கும் எட்டுப் பாகையைத் தாண்டியதே இல்லை. ஊசி போட்டு முடித்த பதினொரு பேரும் தப்பினார்கள். நூற்றிரண்டு நாள் இப்படிப் போனது. நூற்றிரண்டு நாளும் சிவக்கொழுந்து கோயிலுக்குப் போனால் நாலு பேரிடம் வான் கதை சொல்லாமல் திரும்பியதில்லை.

ஒக்டோபர் பிறந்தபோது குணம் மலேரியாவில் விழுந்தாள். நடுக்கம் வந்தால் மூன்று பேர் பிடிக்க வேண்டும். அந்தக் கிழமைதான் நவராத்திரி முடிவு. விசயதசமி அன்று காலையில் ஊர் முழுக்க ஆயுதங்களுக்குச் சந்தனம் வைத்தார்கள். கந்தப்பு தன் காற்றுப்பம்புக்கு மாலை போட்டிருந்தான். சிவக்கொழுந்து கடைக் குறடு, சுத்தியல், கைத்துளைப்பான் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு வானைப் பார்த்தாள்.

"ஐயா, வானுக்கும் ஒருக்கா வைக்கட்டோ?"

வில்லியம் சிரித்தார். "நாங்கள் சேர்ச்சுக்குப் போற வேதக்காரர் எண்டு வானுக்குத் தெரியாதுதானே. வையும், வையும்."

முன்கண்ணாடிக்கு வைத்தாள், ரயர் நான்குக்கும் வைத்தாள். பிறகு ஏணி வைத்துக் கூரைக்கு ஏறினாள். தங்கை செய்த வேலையில் தலையானது தகடு. அதற்கு வைக்காமல் ரயருக்கு வைத்து என்ன பயன்? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, விபூதியும் சேர்த்து, மூன்று விரலால் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒவ்வொரு தகட்டிலும் மூன்று குறி இழுத்தாள். எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. கோடு கோணாமல் இருக்க ஒரு மரச் சிலாகையை வைத்து இழுத்தாள். நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. இறங்கி வந்து, கிடுகு மூடியை இழுத்துச் சாத்தினாள்.

அந்தத் தகடு சின்னச் சின்னச் சதுரங்களால் ஆனது, ஒன்றில் முப்பத்தாறு. தோட்டத்து வாய்க்காலில் ஒரு இடத்தில் மண் அடைத்தால் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போகாததுபோல, ஒரு சதுரம் வெயில் காணாவிட்டால் அதன் பின்னால் உள்ளதெல்லாம் நின்றுவிடும். அவள் இழுத்த கோடுகள் ஒன்றல்ல, எத்தனையோ சதுரங்களை மூடின. இது சிவக்கொழுந்துக்குத் தெரியாது. தெரிந்தவள் பாயில் போர்த்துக்கொண்டு கிடந்தாள்.

அதன்பின் ஒவ்வொரு காலையும் வில்லியம் கயிற்றை இழுத்தார், மூடி திறந்தது. கூரை உயரம், கீழே நிற்பவருக்கு மேலே என்ன இருக்கிறதென்று தெரியாது. முள் எழும்பவில்லை, வானம் மூடிக்கிடந்ததால் மழைமேகம் என்று அவர் இருந்துவிட்டார். வெப்பமானியை அவர் பார்த்திருப்பார் என்று பியாட்றிஸ் இருந்தாள். பியாட்றிஸ் பார்த்திருப்பாள் என்று அவர் இருந்தார். கலண்டரில் அந்த நாட்கள் வெறுமையாகக் கிடந்தன. தங்கைக்குக் கஞ்சி வைப்பதும் போர்வை துவைப்பதுமாக இருந்த சிவக்கொழுந்து அதையும் கவனிக்கவில்லை. ஐந்தாம் நாள் நீர்வேலிப் பள்ளிக்கூடத்தில் ஊசி எடுக்கப் பெட்டியைத் திறந்த பியாட்றிஸ் உள்ளே கை வைத்துப் பார்த்துவிட்டு வெப்பமானியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அது இருபத்தாறைக் காட்டியது.

மருந்து முழுவதையும் வில்லியம் குழி தோண்டிக் கொட்டினார்.

ஊசி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்போது நான்கு பேர். வானுக்கு அளந்து ஊற்றிய எண்ணெய் ஆசுபத்திரிவரை போதாததால், மூவரை வில்லியம் தன் சைக்கிளிலும் மற்றவர்களின் சைக்கிளிலும் ஏற்றி ஆசுபத்திரிக்கு அனுப்பினார்; அங்கும் மூன்று பேருக்குத்தான் மருந்து மிச்சம் இருந்தது. குழந்தைகள் இரண்டு, பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி. நான்காவது ஆள் பரமலிங்கம். வசாவிளான் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, மனைவி பராசக்தியோடு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்துகொண்டு, நீர்வேலி வாழைத்தோட்டங்களில் கூலிக்குக் கொத்தியவர். இடது கையில் கடி. ஒன்பது ஊசி போட்டாயிற்று. அதில் கடைசி மூன்றும் சூடு கண்ட மருந்து. மிச்சம் ஐந்துக்கு மருந்தே இல்லை. "முதல் பிள்ளையளுக்குப் போடுங்கோ ஐயா, நான் கப்பல் வரப் போடுறன்," என்று அவரே சொன்னார். மருந்துக் கப்பல் வர மூன்று கிழமை ஆனது; அதற்குள் அவருக்குக் காலம் கடந்துவிட்டது.

மறுநாள் குணம் எழும்பினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து முள்ளைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள். சிவக்கொழுந்து தடுக்கத் தடுக்க மேலே ஏறினாள். வெகுநேரம் இறங்கவில்லை. கீழே நின்ற தமக்கை என்னவென்று கயிறில்லாத கையை ஆட்டிக் கேட்டாள். குணம் கூரை ஓரத்துக்கு வந்து தன் விரல்களை விரித்துக் காட்டினாள். காய்ந்த சந்தனம் நகத்துக்குள் ஏறியிருந்தது.

சிவக்கொழுந்து கிணற்றடிக்கு ஓடினாள். தண்ணீர் வாளியை ஏணியில் ஏற்றிக் கொடுத்தாள். குணம் தேய்த்துக் கழுவினாள். வெயில் பட்டதும் வானுக்குள் முள் துள்ளி எழும்பியது. இருவரும் அதைப் பற்றி ஒரு சைகைகூடச் செய்துகொள்ளவில்லை.

நவம்பர் முதற்கிழமையில் பரமலிங்கம் தண்ணீர்ச் செம்பைக் கண்டு முகத்தைத் திருப்பினார். இரண்டாம் நாள் காற்றுப் பட்டாலே தொண்டை இழுத்தது. பள்ளிக்கூடத்தின் கடைசி அறையில், யன்னலைச் சாக்கால் மூடி வைத்திருந்தார்கள். எட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை இறந்தார். ஐந்து ஊசி குறைந்ததால்தானா, பதினாலும் போட்டிருந்தாலும் போயிருப்பாரா என்று வில்லியத்தால் சொல்ல முடியவில்லை. ஆனால் சனத்துக்குச் சொல்ல முடிந்தது.

"மருந்துப்பெட்டியை ஒரு ஊமைச்சியின்ரை கையிலை குடுத்தால் வேறை என்ன நடக்கும்?"

"எழுத்து வாசிப்புத் தெரியாதவளாம். பெட்டி சூடாகினால் அவளுக்கு என்ன தெரியும்?"

"கட்டில் கம்பியிலை பூட்டின தகடாம். சீ!"

கந்தப்பு இவற்றைக் கேட்டு வந்து சொன்னான். அவனுக்கே சொல்ல வாய் கூசியது. வானுக்கு ஊசிமருந்து கொடுத்துவந்த மருந்துக் களஞ்சியத்திலிருந்தும் கடிதம் வந்தது: வானுக்கு இனி மருந்து இல்லை. குணம் வழக்கம்போலக் காலையில் வானுக்குள் ஏறி முள்ளைப் பார்த்தாள், வெறும் பெட்டியின் பாகையைப் பார்த்தாள், மாலையில் விரலால் காட்டினாள். ஆறு. ரோட்டால் போனவர்கள் அவளைப் பார்த்துக் காறித் துப்பினார்கள். காது கேளாதவளுக்கு அது கேட்கத் தேவையில்லை, தெரிந்தது. கடைக்கு வேலை வருவது நின்றது. ஒருநாள் அவள் ஏணியைச் சாத்தி ஏறிப் போய் எட்டுக் கவ்விகளில் ஒன்றைக் கழற்றத் தொடங்கினாள். கழற்றிய கவ்வியைக் கையில் வைத்துக்கொண்டு தமக்கையைப் பார்த்தாள். மற்ற ஏழையும் கழற்றவா என்று கேட்டது அந்தப் பார்வை.

தான் சந்தனத்தைப் பற்றிப் பேசாமல் எவ்வளவு நாள் இருந்தாள் என்பதும் சிவக்கொழுந்துக்குக் கணக்காகத் தெரியும். முப்பத்தைந்து நாள். பயத்தால்தான். கொலைகாரி என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம். தங்கை வாய் திறக்க மாட்டாள் என்ற தைரியமும் உள்ளே ஒரு மூலையில் இருந்தது. அதுதான் பெரிய வெட்கம்.

பரமலிங்கத்தின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று, நவம்பர் பதினைந்து, கந்தப்புவின் சைக்கிள் கரியரில் இருந்து நீர்வேலிக்குப் போனாள். பள்ளிக்கூட விறாந்தையில் படத்துக்கு முன்னால் படையல் முடிந்திருந்தது. ஆண்கள் முற்றத்தில் வாங்கில்களில் இருந்து வெற்றிலை போட்டார்கள். பராசக்தி தூணோடு சாய்ந்திருந்தாள். சிவக்கொழுந்து பக்கத்தில் இருந்து, அவள் காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். சந்தனம், சிலாகை, பொட்டு, மூடி எல்லாம்.

பராசக்தி படத்துக்கு முன்னால் இருந்த விளக்கின் திரியைத் தூண்டினாள்.

"அந்த நாயை அவிட்டு விட்டுட்டு ஓடினது ஆர் எண்டு நான் தேடேல்லை," என்றாள் பிறகு. "அவையளை ஓட வைச்சது ஆர் எண்டு தேடவும் எனக்குப் பெலனில்லை. உம்மை என்ன செய்ய?"

"என்னை ஏசணை. அடிச்சாலும் பரவாயில்லை."

"அடிச்சால் மனுசன் எழும்புமே?" பராசக்தி முற்றத்தைப் பார்த்தாள். "என்ரை காதுக்கை ஏன் சொல்லுறீர்? உமக்கு லேசு எண்டு பாத்தீரோ? அங்கை இருக்கிறவைக்குக் கேக்கச் சொல்லும். அவையள்தானே உம்முடைய தங்கச்சியை ஏசினது. எழும்பிச் சொல்லும்."

சிவக்கொழுந்து எழும்பினாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "கேக்கேல்லை!" என்று பராசக்தியே சொன்னாள். இரண்டாம் தரம் உரத்துச் சொன்னாள். தகடு பழுதில்லை, பெட்டி பழுதில்லை, தங்கை காய்ச்சலில் கிடந்தாள், தகட்டை மறைத்துச் சந்தனம் பூசியது நான், பார்த்தும் பேசாமல் இருந்ததும் நான். ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அக்காவும் தங்கச்சியும் ஆளை மாத்திப் பழியை மாத்துறாளவை," என்றார். இன்னொருவர், "சந்தனம் வைச்சால் கரண்டு நிக்குமோ? கடவுளே நிப்பாட்டினவர் எண்டு சொல்லு பாப்பம்," என்று சிரித்தார். ஒரு கிழவர் மட்டும் எழும்பிப் போய் வாளியில் கை கழுவிவிட்டு வந்து, "நானும் அந்தப் பெட்டையை ஏசினனான்," என்றார். 

வில்லியமும் அங்கே இருந்தார். முள் எழும்பாததைப் பார்த்தும் பேசாமல் இருந்தது தானும்தான் என்று எழும்பிச் சொன்னார். பிறகு அவரே களஞ்சியத்துக்கு எழுதினார், நடந்தது நடந்தபடி.

நான்காம் நாள் களஞ்சியத்துக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வில்லியம், சகோதரிகள் இருவர், வான். கழற்றிய கவ்வி அன்று காலையில் திரும்பப் பூட்டப்பட்டிருந்தது. பொறுப்பாக இருந்தவர் கண்ணாடி போட்ட, களைத்துப்போன மனிதர். கடிதத்தை வாசித்தார். மேசையில் ஒரு புதுப் புத்தகத்தை விரித்து வைத்தார். திகதி, பாகை, கையொப்பம் என்று மூன்று கோடு.

"வானுக்கு மருந்து தாறன். ஆனால் பெட்டிக்குப் பொறுப்பு ஒரு ஆள். அந்த ஆள் நாளுக்கு ரண்டு தரம் பாகையை எழுதிக் கையொப்பம் வைக்க வேணும். ஆர் பொறுப்பு?"

"குணலட்சுமி," என்றாள் சிவக்கொழுந்து.

"கைநாட்டு வைக்கிறவ எண்டல்லோ சொன்னவை? கைநாட்டு ஏலாது அம்மா. இஞ்சை ஒரு சாவு விழுந்திருக்கு. நீங்கள் எழுதுவியள்தானே, நீங்கள் பொறுப்பெண்டு போடுங்கோவன். வேலையை அவ செய்யட்டும்."

"அப்ப திரும்பவும் என்ரை பேர்தான் நிக்கும்," என்றாள் சிவக்கொழுந்து. "என்ரை பேருக்கு மருந்தைக் குடுக்காதையுங்கோ ஐயா. நான் அதுக்குச் சரிவராத ஆள்."

அவர் குணத்தைப் பார்த்தார். எழும்பிப் போய்க் களஞ்சியக் குளிரறையின் கதவில் மாட்டியிருந்த வெப்பமானியைக் காட்டி, பேனையை நீட்டினார். குணம் பார்த்தாள். முதற்கோட்டில் அன்றைய திகதியைச் சுவர்க் கலண்டரைப் பார்த்து இட்டாள். இரண்டாவதில் 5 என்று எழுதினாள். அவர் போய் வெப்பமானியைத் தானும் பார்த்துவிட்டு வந்து தலையாட்டினார். மூன்றாவது கோடு வெறுமையாகக் கிடந்தது. பழக்கத்தில் சிவக்கொழுந்தின் கை பேனைக்கு நீண்டது. நீண்ட கையைப் பின்னால் எடுத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

மேசையில் மைப்பெட்டி திறந்திருந்தது. குணம் அதன் மூடியைச் சாத்தினாள். தமக்கையின் பையைத் திறந்து, கூப்பன் மட்டையை எடுத்து, தன் பெயர் இருந்த வரியைத் தேடிக் கண்டு, புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுத்து அவளுக்கு எழுத்து அல்ல, வளைக்க வேண்டிய கம்பி. முதலில் எல்லா எழுத்துக்கும் உரிய நேர்கோடுகளைச் சட்டம் நிறுத்துவதுபோல இடம் விட்டு விட்டு நிறுத்தினாள். பிறகு இடமிருந்து வலமாக ஒவ்வொரு வளைவையும் அவற்றோடு கொண்டுபோய்ப் பொருத்தினாள். கடைசியாகப் புள்ளிகளை வைத்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பொறுப்பானவர் கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். ஏறக்குறைய ஏழு நிமிடம் ஆனது. மு. குணலட்சுமி என்று இருந்தது. ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை.

1992 நவம்பர் 19, வியாழக்கிழமை.